அனைத்துமாகி நின்ற ரிமோட்: காவேரிப்பட்டினத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

யுனிவர்சல் ரிமோட்டை வாங்குவது எப்படி, வாங்கியதை வீட்டு டிவியோடு பேசவைப்பது எப்படி என்பது குறித்துத் தமிழறிஞர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. அக்குறையைப் போக்கவே காவேரிப்பட்டினத்தைக் களமாகக் கொண்டு இவ்வாய்வு எழுதப்படுகிறது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் சிலப்பதிகாரத்துப் பூம்புகாரை நினைத்துக்கொண்டு மயிலாடுதுறைக்கு பஸ் ஏறிவிட வேண்டாம். இது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பேரூர். ஓரமாக ஓடுவது காவிரி அல்ல, தென்பெண்ணை. 1767-ல் முதலாம் மைசூர்ப் போர் நடந்தபோது ஆங்கிலேயர் கைக்கும் ஹைதர் அலி கைக்கும் மாறி மாறிப் போன ஊர். அதிகாரம் கைமாறுவதை அன்றைக்கே பார்த்துச் சலித்த மண் என்பதால் ரிமோட் ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் அமையாது என்று துணிந்தோம்.

முதலில் அகழாய்வு. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். நமக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. டிவி ஸ்டாண்டுக்குக் கீழே உள்ள இழுப்பறை போதும். அதன் அடிமட்டத்தில் கிடைப்பது டிவிடி பிளேயர் ரிமோட். அட்டை போல மெலிந்தது, சட்டைப்பொத்தான் அளவு செல் போடுவது. அதற்கு மேல் இலவசத் தொலைக்காட்சி அடுக்கு. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி வீடு வீடாக வந்த 14 அங்குலக் கலர் டிவி, ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டிகள் பலவும் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டன, ரிமோட்டுகள் போகவில்லை. அதற்கும் மேலே செட்டாப் பாக்ஸ் அடுக்கு: 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்த அரசு கேபிள், 2017-ல் டிஜிட்டலுக்கு மாறி பெட்டியை இலவசமாகக் கொடுத்ததோடு இவ்வடுக்கு தடித்தது. உச்சியில் ஹோம் தியேட்டர் ரிமோட்டும் ஸ்மார்ட் டிவி ரிமோட்டும். இடையிடையே கிடைக்கும் தொல்பொருள்களாவன: செத்த பென்சில் செல்கள், கரண்ட் பில் அட்டை, காய்ந்துபோன ஃபெவிக்விக். செத்த செல்லை யாரும் எறிவதில்லை. வெயிலில் வைத்தால் உயிர் வரும் என்ற நம்பிக்கை தென்பெண்ணையின் இரு கரையிலும் உண்டு.

ரிமோட்டின் வரலாறு சுருக்கமானது. 1950-ல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் கம்பி கட்டிய ரிமோட் விற்றது. மக்கள் அதில் கால் தடுக்கி விழுந்தார்கள். 1955-ல் யூஜின் பாலி என்பவர் வெளிச்சம் பாய்ச்சி இயக்கும் ஒன்றைச் செய்தார். ஜன்னல் வெயில் பட்டால் சேனல் தானாக மாறியது. மறுவருடம் ராபர்ட் ஆட்லர் அலுமினியக் கம்பியைத் தட்டிக் காதுக்கு எட்டாத ஒலியால் இயங்கும் ரிமோட்டைக் கொடுத்தார். அதற்கு செல்லே தேவையில்லை. மனித குலம் அங்கேயே நின்றிருக்கலாம் என்பது எம் தாழ்மையான கருத்து.

நிற்கவில்லை, அகச்சிவப்புக்கு வந்தது. ரிமோட்டின் மூக்கில் இருக்கும் சின்ன விளக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒளியை விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கவிடுகிறது. டியூப்லைட்டும் வெயிலும் அதே ஒளியைக் கொட்டினாலும் இந்தத் துடிப்பு அவற்றில் கிடையாது. டிவிக்குள் இருக்கும் சென்சார் துடிப்பை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. பல ரிமோட்டுகள் பின்பற்றும் என்இசி முறையில், முதலில் 9 மில்லி விநாடி நீளத்துக்கு ஓர் அதட்டல், பிறகு பாதியளவு மௌனம், அப்புறம் 32 துண்டுகளில் செய்தி. இதில் ஒரு வேடிக்கை: சொன்னதை அப்படியே தலைகீழாக்கி இன்னொரு தடவையும் சொல்லும். பத்திரிகை வைக்க வந்த மாமா, 'புதன்கிழமை, செவ்வாய் இல்ல, புதன்' என்று சொல்லிவிட்டுப் போவது போல. இரண்டும் பொருந்தினால்தான் டிவி அசையும்.

எல்லாக் கம்பெனியும் இப்படியே பேசியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. பிலிப்ஸ் 36,000 துடிப்பில் பேசியது, சோனி 40,000-ல் பேசியது, இலக்கணமும் ஆளுக்கொன்று. இங்கே வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், ஓசூர் தாண்டினால் கன்னடம் என்று மூன்றையும் நாக்கில் வைத்திருக்கிற ஆள்கள் சாதாரணம். அப்படிப்பட்டவர் கையில் ஒரே ஒரு மொழி தெரிந்த ரிமோட்டைக் கொடுத்தால் அவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கும் இதே எரிச்சல் வந்திருக்க வேண்டும். 1987-ல் அவர் பிற ரிமோட்டுகளிடம் கற்றுக்கொள்ளும் ரிமோட் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதை அமைத்து முடிக்க வாஸ்னியாக்காகவே பிறந்திருக்க வேண்டும் என்பதால் அதிகம் போகவில்லை. ஆப்பிள் என்றதும் உள்ளூர்ச் செய்தி ஒன்று. ஐபோனின் மேலுறை நம் ஓசூர்ப் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகிறது. ஆனால் அந்த ஐபோனை டிவியை நோக்கி நீட்டி சேனல் மாற்ற முடியாது. அதற்கான விளக்கு அதில் இல்லை. பாதி விலைகூட இல்லாத ரெட்மி போன்கள் பலவற்றில் உண்டு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர், தன் மாவட்டத்தில் தயாராகும் போனை விட்டுவிட்டு ரெட்மியை எடுத்து டிவி போடுவதில் பொருளாதார அறிஞர்கள் யோசிக்க இடமிருக்கிறது.

இனி தேர்ந்தெடுத்தல். கடையில் ரிமோட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் கம்பியில் தொங்கும். வாங்க வருகிறவர் ரப்பர்பேண்ட் போட்ட பழைய ரிமோட்டை மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பார். நடக்கும் உரையாடல் வழக்கமாக இப்படி அமையும்:

"இன்னா டிவி தாத்தா?"

"கலர் டிவிப்பா."

"கம்பெனி பேரு?"

"எல்இடி."

"அது கம்பெனி இல்ல தாத்தா."

"பொட்டி மேல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

கடைக்காரர் அதற்கு மேல் கேட்பதில்லை. பழையதைத் திருப்பிப் பார்ப்பார், பொத்தான்கள் நிற்கும் வரிசையைக் கம்பியில் தொங்குபவற்றோடு ஒப்பிடுவார். எழுத்தெல்லாம் தேய்ந்திருக்கும், சத்தம் கூட்டும் பொத்தான் நிப்பட்டு தின்ற கைகளால் வழுவழுத்திருக்கும். பக்கத்துப் பெண்ணேஸ்வரமடத்துக் கோயிலில் கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு இருக்கும் பொறுமை இதற்கும் வேண்டும். முடிவில் ஒன்றை உருவி, செல் போட்டு, தன் மொபைல் கேமராவுக்கு முன்னால் நீட்டி அழுத்துவார். வெறும் கண்ணுக்குத் தெரியாத விளக்கு மொபைல் திரையில் ஊதாவாக மினுக்கும். தாத்தா திருப்தியாகக் காசை எண்ணுவார். செல்லும் விளக்கும் வேலை செய்கின்றன என்பதற்குத்தான் அந்த மினுக்கல் சாட்சி. வீட்டு டிவியின் மொழி இதற்குத் தெரியும் என்பதற்கு அல்ல. இந்த நுட்பத்தைத் தாத்தா வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்வார்.

யுனிவர்சல் ரிமோட்டில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று குருகுல மரபு. பழைய ரிமோட்டைக் குருவாக வைத்துப் புதியது பயிலும். இரண்டையும் தரையில் மூக்கோடு மூக்கு வைக்க வேண்டும், நடுவில் இரண்டு விரல் இடைவெளி. புதியதில் செட் பொத்தானைச் சிவப்பு விளக்கு நின்று எரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு கற்கவேண்டிய பொத்தானை ஒரு தட்டு. குருவின் பொத்தானை ஓர் அழுத்து. விளக்கு சிமிட்டினால் பாடம் ஏறிவிட்டது. இப்படிப் பொத்தான் பொத்தானாக. பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளின் தலையில் தனியாகக் கட்டம் கட்டி வைத்திருக்கும் நாலைந்து டிவி பொத்தான்களும் இதே மரபுதான். கேபிள்காரர் வந்து ஐந்து நிமிடத்தில் உபதேசம் செய்துவிட்டுப் போவார். குறை ஒன்றே ஒன்று. குரு உயிரோடு இருக்கும்போது எவரும் சீடனைத் தேடி வருவதில்லை. பழைய ரிமோட் டீயில் விழுந்து, துணி துவைக்கும் மெஷினில் சுற்றி, சமாதியான பிறகே கடைக்கு வருகிறார்கள். பழைய ரிமோட் நன்றாக இருக்கும்போதே யுனிவர்சல் ரிமோட் வாங்கு என்பதே இவ்வாய்வின் தலையாய பரிந்துரை. காவேரிப்பட்டினத்தில் இதை யாரிடம் சொன்னாலும் "நல்லா இருக்கறப்ப இன்னாத்துக்குங்க?" என்கிறார்கள். தர்க்கரீதியாக மறுக்க முடியவில்லை.

மற்றது ஏகலைவ மரபு. குரு இல்லை, உறைக்குள் மடித்து வைத்த ஒரு தாள் மட்டும் உண்டு. அதில் எறும்பு எழுத்தில் கம்பெனிப் பெயர்களும் எண்களும். நம் டிவியின் பெயர் அதில் இருக்காது. அப்போது தேடல் முறை: செட்டை அழுத்திவிட்டு, டிவியைக் குறிபார்த்து, பவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ரிமோட் தனக்குத் தெரிந்த ஒவ்வொரு மொழியிலும் "அணைந்துபோ" என்று கேட்டுப் பார்க்கும். டிவி அணையும் கணத்தில் விரலை எடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் அது அடுத்த மொழிக்குப் போயிருக்கும். பாரதத்து ஏகலைவன் கட்டைவிரலை வித்தை முடிந்த பிறகு கொடுத்தான். இங்கே வித்தைக்கு முன்பே கொடுக்க வேண்டியிருக்கிறது.

அணைந்துவிட்டால் அமைந்துவிட்டது என்று பொருளல்ல. பவர் வேலை செய்யும், சத்தம் கூட்டினால் சேனல் மாறும். அல்லது எல்லாம் வேலை செய்யும், மெனு மட்டும் திறக்காது. துடிப்பு எண்ணிக்கை சற்றே பிசகினால் டிவிக்குப் பக்கத்தில் போய் அழுத்தும்போது கேட்கும், சோபாவிலிருந்து கேட்காது. சில பழைய செட்டுகளில் 11-ம் சேனல் வராது, 1 மட்டும் வரும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஓர் அடையாளத்தை மாற்றி அனுப்ப வேண்டும் என்ற விதியைக் கற்றுக்குட்டி ரிமோட் மறந்துவிடுவதால், டிவி இரண்டாவது ஒன்றை முதல் ஒன்றின் நீட்டல் என்று எடுத்துக்கொள்கிறது. டிவியில் செருகும் ஸ்டிக் வகைச் சாதனங்கள் பலவும் புளூடூத்தில் பேசுபவை. அவற்றை அகச்சிவப்பு ரிமோட்டால் எத்தனை கும்பிட்டாலும் அசைக்க முடியாது. விலை இருநூறு ரூபாய்க்குள் என்றால் செல்லை மாற்றும்போது படித்ததெல்லாம் மறந்துபோகும் இனமும் உண்டு. எனவே கண்டுபிடித்த எண்ணை செல் மூடியின் உட்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவைப்பது நலம்.

இவை யாவும் சரியாக அமைந்த வீட்டில்தான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. பெரும்பாலான கருவிகளில் போடுவதற்கும் அணைப்பதற்கும் ஒரே சமிக்ஞைதான். டிவி, செட்டாப் பெட்டி இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டிவிட்டால், ஒன்று ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் நாளில் இது விழிக்கும், அது தூங்கும்; மறுபடி அழுத்தினால் அது விழிக்கும், இது தூங்கும். இரவு சீரியல் நேரத்தில் பாட்டி அழுத்த, திரையில் "சிக்னல் இல்லை" என்று வர, கேபிள்காரருக்கு போன் போகிறது. அவர் டிவிஎஸ் வண்டியில் வந்து பெட்டியின் பொத்தானை விரலால் அழுத்திவிட்டு, மாதக் காசையும் வாங்கிக்கொண்டு போகிறார்.

இந்தப் பவர் சிக்கலைத் தீர்க்காவிட்டாலும் மற்றப் பொத்தான்களால் வரும் குழப்பத்துக்குத் தீர்வு ஒன்று உண்டு, கம்பெனி எதுவும் சொல்லாதது: கறுப்பு இன்சுலேஷன் டேப். பவர், சத்தம், சேனல் நீங்கலாக மீதிப் பொத்தான்கள் எல்லாவற்றின் மீதும் குறுக்கே ஒட்டிவிடுவது. நாற்பத்தைந்து பொத்தான் கொண்ட கருவி ஐந்து பொத்தானுக்கு இறங்கிவிடும், பாட்டிக்கும் பயமில்லை. பேரன் விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து வந்து டேப்பைப் பிய்த்துப்போட்டால், அடுத்த ரோல் ஹார்டுவேர் கடையில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும்.