கடலுக்குள் ஒரு தொகுதி

தொகுதிப் பக்கமே போகாத எம்.பி. இங்கிலாந்திலும் உண்டா?

உண்டு. போக நினைத்தாலும் தொகுதி இருந்தால்தானே! சஃபோக் கடலோரத்து டன்விச் ஒருகாலத்தில் பெரிய துறைமுகம். 1286-இல் அடித்த புயலுக்குப் பிறகு கடல் அதைத் தெருத் தெருவாக விழுங்கியது. ஆனாலும் 1832 வரை இரண்டு எம்.பி.க்கள்! ஊர் கரைந்தாலும் பதவி கரையவில்லை. மிஞ்சிய சொற்ப ஓட்டுகளும் நிலப்பிரபுக்கள் கைகாட்டியவருக்கே விழுந்தன.

அங்கே கடலுக்கடியில் தேவாலய மணி ஒலிக்கிறதாமே?

ஊர்க்கதை! மணியடித்துச் சொல்லிவிட்டா கடல் உள்ளே வந்தது? அனைத்துப் புனிதர் ஆலயம் 1904-இல் சரியத் தொடங்கியது. 1919-இல் கோபுரமும் விழுந்தது. கடலுக்கு அஞ்சி 1290 வாக்கில் இடம் மாறிய கிரேஃபிரையர்ஸ் மடத்தின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். கரையைக் கடல் இன்னமும் அரிக்கிறது. போவதானால் சீக்கிரம் போங்கள்.