பட்டியலில் வாழ்பவர்கள்

முன்பு வாக்காளர் பட்டியலில் சேர ஜனவரி 1 ஒன்றே தகுதி நாள். பதினெட்டு வயது ஜனவரி 2-இல் நிறைந்தால், வாக்காளர் ஆக ஒரு வருஷம் பொறுமை கற்கலாம். 2022-இல் நான்கு தகுதி நாட்கள் ஆக்கிவிட்டார்கள். இளைஞர்கள் கெட்டுப்போகாமல் என்ன செய்வார்கள்?

பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7. இறந்தவரே வந்து 7-ஐ நிரப்ப வேண்டியதில்லை, அவ்வளவு கருணை! ஆனாலும் யாருக்கு மனசு வரும்? எதிர்வீட்டுத் தாத்தா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிறது. பூத் சிலிப் மட்டும் தவறாமல் வருகிறது. திண்ணையில் வெற்றிலை இடிக்கும் பாட்டியோ 'இறப்பு' என்று நீக்கம். கணக்கு எவ்வளவு கச்சிதம்!

பாட்டி இப்போது படிவம் 6 வாங்கியிருக்கிறார். புதிய வாக்காளராம், இளைஞரணியில் சேரச் சொல்லி இரண்டு கட்சிகள் வந்துவிட்டுப் போயின.