மலை இறங்கிய தலைவர்

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வானியல் மேல் காதல் ஒன்றும் கிடையாது. சரக்குக் கப்பல் வழி தவறாமல் வர வேண்டும், வளைத்துப்போட்ட நிலத்தைச் சரியாக அளக்க வேண்டும். இரண்டுக்கும் நட்சத்திரம் தேவைப்பட்டது. அப்படித்தான் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் முளைத்தது. ஊர் ஜனங்களுக்குப் பாடம் நடத்தும் உத்தேசம் யாருக்கும் இல்லை.

அந்த வேலையைக் கேட்காமலேயே எடுத்துப் போட்டுக்கொண்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1861-இல் பொறுப்பேற்ற பொக்சன் துரை, வந்த வருஷமே ஒரு குறுங்கோளைப் பிடித்து 'ஏசியா' என்று பெயர் வைத்தார். ஒரு கல்லுக்கு ஒரு கண்டத்தையே எழுதிக்கொடுத்த தாராளம்! அவருக்குக் கீழே உதவியாளராக இருந்த ஆச்சாரி, 1867-இல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அத்தோடு மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது என்றதும், சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி உரையாடலாக ஒரு நூல் எழுதினார். தமிழிலும் வேறு மொழிகளிலும் அது வந்தது. பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவும் கிளம்பினார். நம் ஊரில் சாமியே இல்லை என்றவர்கூடப் பிழைத்துக்கொள்வார். பஞ்சாங்கம் தப்பு என்றவர் கஷ்டம்தான். நம்மவர்கள் படித்துப் பழக ஒரு வானாய்வு நிலையம் வேண்டும் என்றும் கேட்டார். 1880-இல் அவர் காலமானார். கோரிக்கை காலமாகவில்லை, தூங்கிவிட்டது.

1899-இல் நிலையத்துக்கே கொடைக்கானலுக்கு டிரான்ஸ்ஃபர். பகலில் சூரியனைப் பார்க்க அருமையான இடம். ராத்திரி நட்சத்திரத்தைத்தான் மேகம் காட்டாது. 1960-இல் அங்கே இயக்குநராக வந்த வைனு பாப்புவுக்கு முப்பத்திரண்டு வயசு. ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949-இல், ஒரு வால்நட்சத்திரத்துக்குத் தன் பெயரை ஒட்டியவர். வானம் தெரியவில்லை என்றால் இன்னும் உயரமான மலையைத் தேடுவதுதான் உலக வழக்கம். பாப்பு கீழே இறங்கினார். 725 மீட்டரில், ஜவ்வாது மலையில், சந்தன மரங்களுக்கு நடுவே காவலூர் அகப்பட்டது. கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1968-இல் வேலையை ஆரம்பித்தது. அதற்கப்புறம் காவலூர் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது. வட ஆற்காடு, பிறகு வேலூர், இப்போது திருப்பத்தூர்.

1972-இல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த வருஷமே வியாழனின் துணைக்கோள் கனிமீடில் காற்றுமண்டலத்தின் தடயத்தைக் காட்டியது. அதே வருஷம் இந்திய வானியல் கழகம் பிறந்தது. முதல் தலைவர் பாப்பு. ஆச்சாரியை லண்டன் கழகம் சேர்த்து அப்போது நூறு வருஷம் ஆகியிருந்தது. நம் ஊரில் கோரம் சேருவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும்.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிற ராத்திரி. அமெரிக்கர்கள் தொலைநோக்கியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தார்கள். நம் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பெட்ரோல் செலவில்லாமல் காவலூரிலேயே இருந்து பார்த்தார்கள். கிரகம் மறைக்கும் முன்பே ஒளி ஒரு தடவை மங்கியது. யுரேனஸுக்குப் புதுத் துணைக்கோள் என்று எழுதினார்கள். கடைசியில் அது வளையம். அதனால் என்ன, நகை நகைதானே!

1979-இல் பாப்பு பன்னாட்டு வானியல் ஒன்றியத்துக்கே தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். மறுவருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் கர்நாடகம், ஆந்திரம் வழியாக வந்தது. உலக வானியலாளர்கள் மூட்டை முடிச்சோடு இங்கே வந்து இறங்கினார்கள். நம் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்கள் வெளியே வந்துவிடாமல் இருக்கத் தூர்தர்ஷன் ஒரு சினிமாவையும் போட்டது. வானியல் உலகத்தின் தலைவர் ஒரு இந்திப் படத்திடம் தோற்ற நாள் அது.

அதே 1980-இல் சென்னையில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. கோபுரமோ குவிமாடமோ இல்லை. ஆச்சாரி போட்டுவிட்டுப் போன வேலை மட்டும் இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், பாடினார்கள். 1987-இல் குழந்தைகளுக்குத் 'துளிர்' பத்திரிகை கொண்டுவந்தார்கள். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. போட்டியும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

பாப்பு 1982 ஆகஸ்ட் 19-இல் மியூனிக்கில் காலமானார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-இல் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து திறந்து, அவர் பெயரையே வைத்தார். இப்போது சனிக்கிழமைகளில் பொதுமக்களையும் உள்ளே விடுகிறார்கள். ராசிபலன் கேட்க வருகிறவர்களுக்குத் தனி வரிசை கிடையாது.