காத்தாடியும் போர்வையும்: முத்துக்குளித்துறைக் குளிர்காப்பு முறைகள் குறித்த முதற்கட்ட ஆய்வு

1. சிக்கல்

இக்கட்டுரையில் வரும் புதுக்கோட்டை, தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை அன்று. தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை போகிற ரோட்டில், வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முன்னால் வருகிற புதுக்கோட்டை. அரண்மனை இல்லாத ஊர் என்பதால் ஆய்வாளர்கள் இங்கே இறங்குவதில்லை. ஏறிய பஸ்ஸிலேயே திருநெல்வேலி போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அதனால் இவ்வூரும் கிழக்கே உள்ள கடற்கரையும் காலங்காலமாகக் கையாண்டுவரும் ஓர் அரிய நுட்பம் இன்னும் ஏட்டில் ஏறவில்லை. ஹீட்டர், கணப்பு, கரியடுப்பு எதுவும் இல்லாமல் வீட்டுக்குள் கதகதப்பாக இருப்பது எப்படி என்பதே அந்த நுட்பம்.

“தூத்துக்குடியில் ஏது குளிர்?” என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. இந்த மாவட்டத்துக்குச் சூடு என்பது ஒரு தொழில். வெயிலை நம்பித்தான் உப்பளம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தைத் தமிழ்நாடு பிடிப்பதே பெரும்பாலும் இந்தக் கரையால்தான். துறைமுகத்தில் வந்து இறங்குவது நிலக்கரி. அதை எரிக்க 1979இல் தொடங்கிய அனல் மின் நிலையம்: 5 அலகுகள், அலகுக்கு 210 மெகாவாட். வடக்கே கோவில்பட்டியில் தீப்பெட்டி. ஆக வெயில், கரி, கொதிகலன், தீக்குச்சி என்று நெருப்புக்கு வேண்டிய சகலமும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இருந்தும் குளிருக்காக வீட்டுக்குள் நெருப்பு மூட்டியவர் ஒருவரும் இல்லை. மார்கழி விடியலில் அவர்கள் செய்வது வேறு: தலைக்கு மேலே காத்தாடியை முழு வேகத்தில் சுழலவிட்டு, அதன் கீழே கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள்.

குளிர்கிறதென்றால் காத்தாடியை ஏன் நிறுத்தவில்லை? இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் மொத்த ஆய்வும்.

2. முன்னோர் கூற்று

இத்துறையின் முதல் அறிஞர் வெனிஸ்காரரான மார்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தவர், முத்துக்குளிப்பையும் காயல் துறைமுகத்தையும் பற்றி எழுதிவிட்டு, இந்நாட்டில் தையற்காரரே கிடையாது, ஏனென்றால் தைத்த சட்டையை யாரும் போடுவதில்லை என்றும் குறித்து வைத்தார். மன்னருக்குக்கூட ஒரு துணியும் மேனி நிறைய நகையும்தானாம். அவர் கவனித்தது வெட்டும் தையலும். தைக்காத துணி ஒன்று எத்தனை வேலை செய்யும் என்பதை அவர் ஆராயவில்லை. அதே துண்டு பகலில் தோளில், நண்பகலில் தலையில் முண்டாசாக, இரவில் போர்வையாக, விடியலில் காதுகளை மூடி நாடிக்குக் கீழே முடிச்சாக இருப்பதை அவர் பின்தொடர்ந்து பார்த்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

அடுத்து வந்த வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்தவர்கள். மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். இடையன்குடித் தேரி மணலில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த கால்டுவெல் ஐயரும் கடைசியில் அங்கேதான் போய், 1891இல் அங்கேயே காலமானார். சூடு தாங்காமல் மலையேறியவர்கள் மேலே போனதும் முதலில் கட்டிக்கொண்டது கணப்பு. கீழே விட்டுவந்த சூட்டை விறகு வாங்கி மேலே உண்டாக்குவது. நம்மவர்களின் காத்தாடியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

தூத்துக்குடிக்கும் பனிக்கும் உள்ள உறவை ஆராய்கிறவர் பனிமய மாதா ஆலயத்தைத் தாண்டிப் போக முடியாது. போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1582இல் எழுந்த ஆலயம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 திருநாள். நான்காம் நூற்றாண்டில், கொதிக்கும் ஆகஸ்டில், ரோமாபுரியின் எஸ்குவிலின் குன்றின்மேல் பனி பொழிந்தது என்ற மரபிலிருந்து வந்த பெயர். உறைபனியைக் கண்ணால் கண்டிராத ஓர் ஊர், பனியின் பேரால் அன்னையைக் கும்பிட்டு வந்திருக்கிறது. இந்த ஊருக்குக் குளிர் என்பது தொல்லை அல்ல, வரம் என்பதற்கு ஆய்வாளருக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று இது. பின்னால் வரும் முடிவுகளுக்கு இதுவே அடித்தளம்.

3. இருபத்தொரு டிகிரி

மார்கழி, தை விடியல்களில் இந்தக் கரையில் வெப்பமானி இருபதுக்குச் சற்று மேலே நிற்கும். லண்டன்காரர் அதைக் கோடை என்பார். டில்லிக்காரர் கேலி செய்வார். கேலிக்குப் பதில் 1941இல் விஞ்ஞானிகள் மூவரிடமிருந்து வந்துவிட்டது. கேகி, பர்ட்டன், பாஸெட் என்னும் அம்மூவரும் உடையின் கதகதப்பை அளக்க ‘குளோ’ என்றோர் அலகை வகுத்தார்கள். காற்றசைவு அதிகமில்லாத அறையில், 21 டிகிரியில், சும்மா உட்கார்ந்திருப்பவர் சுகமாக இருக்க எவ்வளவு உடை வேண்டுமோ அது ஒரு குளோ. நடைமுறையில் அது கோட்டும் சூட்டும்.

மறுபடி படியுங்கள். 21 டிகிரி என்பது புதுக்கோட்டையின் மார்கழி விடியல். அந்த நேரத்தில் கைலியும் பனியனுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிக்கு, அறிவியல் கணக்குப்படி ஒரு முழு சூட் பாக்கி இருக்கிறது. அவர் அதற்கு ஈடாக ஒரு குரங்கு குல்லாவும் ஒரு டம்ளர் சுக்குக் காபியும் மட்டுமே கேட்கிறார். இதைவிடச் சிக்கனமானவரை எங்கே தேடுவது?

அதிலும் இவர் உடம்பு வளர்ந்தது முப்பத்தைந்து டிகிரியில். சங்குகுளிப்பவர்களைக் கேட்டால் விளங்கும். மன்னார் வளைகுடா வெதுவெதுப்பான கடல்தான். ஆனாலும் அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். முத்துக்குளிப்பு இங்கே கடைசியாக 1961இல் நடந்தது. அது நடந்ததெல்லாம் பங்குனி, சித்திரையை ஒட்டித்தான். கடல் அடங்கியிருக்கும் பருவம் என்பது முதன்மைக் காரணம். மேலே வந்து நடுங்குகிறவனுக்குச் சித்திரை வெயிலைவிட நல்ல கணப்பு கிடையாது என்பது இவ்வாய்வாளர் சேர்த்துக்கொள்ளும் துணைக் காரணம். ஆதாரம் கேட்கக் கூடாது.

4. காது

குளிர் உடம்புக்குள் நுழைவது காது வழியாக. இதில் கருத்து வேறுபாடு இல்லை.

5. காத்தாடி

இனி மையச் சிக்கல். காத்தாடி அறையைக் குளிர்விக்கிறது என்று பொதுமக்கள் நம்புகிறார்கள். தவறு. காத்தாடி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் சூடான காற்றைத் தள்ளிவிடுகிறது, வேர்வையை உலர்த்துகிறது, அதனால் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் தோன்றுகிறது. அவ்வளவே. அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாக மாறி அதே அறையில்தான் தங்குகிறது. பழைய சீலிங் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட். நன்றாகத் தூங்கும் மனிதர் ஒருவர் வெளிவிடும் சூடும் ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே இயற்பியல் நோக்கில், காத்தாடி ஓடும் அறையில் படுப்பது, இன்னொருவர் கூரையில் தொங்கிக்கொண்டு தூங்குவதற்குச் சமம். புதுக்கோட்டை வீடுகளில் ஹீட்டர் இல்லை என்று முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருக்கிறது, அது சுற்றுகிறது.

உறவினர் வருகையும் இங்கே கணக்கில் வரும். பொங்கலுக்கு வந்து பத்தமடைப் பாயில் வரிசையாகப் படுத்திருக்கும் எட்டுப் பேர் சேர்ந்து 600 வாட். கொடைக்கானல் ஓட்டல்களில் இந்தச் சேவைக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள்.

பழைய பெரிய ரெகுலேட்டர் பெட்டியையும் நினைவுகூர வேண்டும். ‘ஒன்று’ என்ற எண்ணில் திருப்பினால் காத்தாடி மெதுவாகும்; மிச்ச மின்சாரத்தில் பெரும்பகுதி பெட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் சூடாக வீணாகும். தொட்டால் சுடும். வேகத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்த குடும்பத் தலைவர்கள் சுவரைத்தான் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். ‘ஐந்து’க்குக் கீழே இறக்காத ஆச்சிமார்கள் இதை எந்தப் பாடநூலும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

சரி, ஏன் நிறுத்துவதில்லை? அறிஞர்களிடையே பிளவு உண்டு. கொசுக் கட்சிதான் பெரிது. கள ஆய்வில் பதிவான உரையாடல்:

“ஆச்சி, குளுருது. காத்தாடிய நிப்பாட்டட்டா?”

“நிப்பாட்டாதல, கொசு தூக்கிட்டுப் போயிரும். போத்திக்கிட்டுப் படு.”

வாதம் வலுவானது. கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி. காத்தாடிக் காற்றில் அதனால் நிலையாகப் பறந்து இறங்க முடியாது. ஆனால் கொசுவலைக்குள் படுப்பவர்களும் காத்தாடியை நிறுத்துவதில்லை என்பதால் கொசுக் கட்சி முழு விளக்கம் தரவில்லை. சத்தக் கட்சியினர், அந்தக் ‘கடகட’ இல்லாமல் தூக்கம் வராது என்பார்கள். மின்சாரம் போன மறுநொடி வீடு முழுவதும் விழித்துக்கொள்வதை இவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். தூங்குகிறவரை எழுப்புவது சத்தம் அல்ல, சத்தம் நிற்பது. புழுக்கக் கட்சி என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம்; காற்றசைவு நின்றால் 24 டிகிரியிலும் கழுத்து கசகசக்கும் என்பது அவர்கள் வாதம். இதை மறுக்க முடியவில்லை.

மூன்று கட்சியும் சொல்லாத ஒன்று இருக்கிறது. போர்த்திக்கொள்வதற்காகவே காத்தாடி ஓடுகிறது. ஆண்டில் பத்து மாதம் போர்வை பீரோவில் அந்துருண்டை வாசனையோடு கிடக்கிறது. அந்தப் பத்து மாதமும் சட்டையைக் கழற்றுவதைத் தவிர மனிதன் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. கழற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. போர்த்திக்கொள்ளும் இன்பமோ குளிர் இருந்தால்தான் கிடைக்கும். வாடைக் காற்று கொஞ்சம் தருகிறது. மீதியைக் காத்தாடி ஈடுகட்டுகிறது. காலை மடக்கி, போர்வை ஓரத்தை உடம்புக்கு அடியில் செருகி, மேலே காற்று அடிக்க அடிக்க உள்ளே கதகதப்பது. இதற்காக மனிதர்கள் காசு செலவழித்து மலையேறுகிறார்கள். இவர்கள் சுவிட்சைத் தட்டுகிறார்கள்.

ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிலையையும் இங்கே விளக்கிவிடலாம். உள்ளங்காலில் முடி இல்லை. ரத்தத்தை நேராகத் தோலுக்குக் கொண்டுவரும் தனிப் பாதைகள் அங்கே உண்டு. உடம்பு மிச்சச் சூட்டை வெளியேற்றும் இடங்களில் அதுவும் ஒன்று. போர்வைக்குள் சூடு ஏறினால் கால் தானாக வெளியே வரும். சிறுவர்களிடம் இது காணப்படுவதில்லை. வெளியே நீட்டிய காலைப் பேய் பிடிக்கும் என்பதால், அவர்கள் வேர்த்தாலும் உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

6. போர்வையும் அரசாங்கமும்

எந்தப் போர்வை? கம்பளி இந்தக் கரையில் எடுபடாது; அரிக்கும். சென்னிமலைப் போர்வை விருந்தாளிக்கு. வீட்டு மனிதர்களுக்கு அம்மாவின் பழைய நூல் சேலைதான். ஐந்தரை மீட்டர் சேலையை நான்காக மடித்தால், மடிப்புக்கு மடிப்பு காற்று தங்கும். கதகதப்பைத் தருவது நூல் அல்ல, அந்தத் தங்கிய காற்று. துவைத்துத் துவைத்து மெதுமெதுப்பான பிறகே சேலை இந்தப் பதவிக்கு உயரும். புதுச் சேலைக்குத் தகுதி கிடையாது.

இந்த இடத்தில் ஆய்வு அரசியல் பொருளாதாரத்துக்குள் நுழைகிறது. பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுக்கும் திட்டம் எம்.ஜி.ஆர். காலத்தில், 1983இல் தொடங்கியது. குளிர் உச்சத்தில் இருக்கும் தை மாதத்தில் சேலை கைக்கு வருகிறது. சில பொங்கல் கழித்து அது போர்வையாகிறது. 2011இல் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டரோடு மின்விசிறியும் கொடுத்தது. தலையை ஆட்டும் மேசைக் காத்தாடி: அந்தப் பக்கம் திரும்பும்போது கதகதப்பு, இந்தப் பக்கம் திரும்பும்போது நடுக்கம். பிறகு 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றானது. 75 வாட் காத்தாடி இரவுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். அறுபது இரவுக்கு 45 யூனிட். ஆக, குளிரையும் அரசாங்கம் கொடுக்கிறது, குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும் அரசாங்கமே கொடுக்கிறது. குடிமகன் செய்ய வேண்டியது படுப்பது மட்டும்.

அனல் மின் நிலையக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கடல் தாண்டி வந்த கரியை எரித்து, அதன் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்கி, மிச்சத்தைப் புகைபோக்கிக்கும் கடலுக்கும் கொடுத்து, அந்த மின்சாரத்தில் காத்தாடி சுற்றி, அதில் குளிர்ந்து, ஒருவர் சேலையை இழுத்துப் போர்த்துகிறார். வெப்பத்திலிருந்து புறப்பட்டு வெப்பத்துக்கே வந்து சேர இதைவிடச் சுற்றுவழி கண்டுபிடிக்கப்படவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, பல இடங்களில் நாள்கணக்கில் காத்தாடியும் நின்றது, போர்த்த உலர்ந்த துணியும் இல்லை. அந்த இரவுகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அது வேறு குளிர்.

7. ஏ.சி.

மரபு முறைக்கு இப்போது ஒரு போட்டி வந்திருக்கிறது. மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் ஓர் அறைக்கு ஏ.சி. மாட்டப்படுகிறது. 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏ.சி.கள் எல்லாம், போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. மின்சாரம் மிச்சமாகும், உடம்புக்கும் நல்லது என்று விளக்கம். விதி அந்த முதல் நொடிக்குத்தான். அதற்கப்புறம் ரிமோட் மருமகன் கையில். எண் 18க்கு வந்துவிடுகிறது. தடித்த கம்ஃபர்ட்டர் ஒன்று ஆன்லைனில் வாங்கப்பட்டு, ஆளுக்கொரு பக்கமாக இழுத்துப் போர்த்தப்படுகிறது. மேலே காத்தாடியும் ஓடுகிறது.

24இலேயே விட்டால் போர்வை வாங்கிய காசு மிச்சம், கரண்ட் பில்லும் குறையுமே என்று இவ்வாய்வாளர் கள ஆய்வில் ஒரு மருமகனிடம் கேட்டார். அவர் கம்ஃபர்ட்டரை நாடிவரை ஏற்றிக்கொண்டு சொன்னார்:

“போத்தாம படுக்கதுக்கு எதுக்குவே ஏ.சி.?”