டோக்கியோ–ஹொனலுலு பயண நேரம்: ஓர் ஆராய்ச்சி

டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்துக்கும் ஹவாயின் ஹொனலுலுவுக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 6,200 கிலோமீட்டர். போனாலும் அதே, வந்தாலும் அதே. இதில் அறிஞர்களிடையே சண்டை இல்லை. சண்டை இல்லாத இடத்தில் ஆய்வாளருக்கு என்ன வேலை? ஆகவே தொலைவை விடுத்து, 'எத்தனை மணி நேரம்?' என்ற வினாவுக்கு வருவோம்.

போக 7 மணி, திரும்ப 9 மணி என்பது உத்தேசக் கணக்கு. ஒரே தொலைவுக்கு இரு நேரம் எங்ஙனம் எனின், கூறுதும்: அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. ஹவாய்க்கு உல்லாசம் போகிறவரை முதுகில் கை வைத்துத் தள்ளும் அது, வேலைக்குத் திரும்புகிறவரை மார்பில் கை வைத்துத் தடுக்கிறது. காற்றுக்கும் நியாயம் தெரிந்திருக்கிறது.

இக்காற்றை 1920களில் ஜப்பானின் டத்தேனோ வானிலைக்கூடத்திலிருந்து பலூன் பறக்கவிட்டு அளந்தவர் வானிலையாளர் வசபுரோ ஓயிஷி. கண்டதை 1926இல் அறிக்கையாக வெளியிட்டார், எஸ்பெராந்தோ மொழியில். உலகத்துக்கே பொதுமொழி என்று எண்ணப்பட்ட மொழி, உலகம்தான் படிக்கவில்லை. ஆய்வேடு எழுதும் நம் போன்றோர்க்கு அவரே குலதெய்வம். 1944இல் டோக்கியோ மேல் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அதே காற்றில் சிக்கித் தடுமாறின. 1952 நவம்பர் 18 அன்று பான் ஆம் விமானம் ஒன்று 7,600 மீட்டர் உயரத்தில் காற்றின் மேல் சவாரி செய்து, அன்றைய 18 மணி நேர டோக்கியோ–ஹொனலுலு பயணத்தை 11½ மணி நேரத்தில் முடித்தது.

இனிக் கடிகாரப் படலம். ஜப்பான் ஹவாயைவிட 19 மணி நேரம் முந்தியது. இரண்டு இடத்திலும் கோடைக்கு முள்ளைத் திருப்பும் வழக்கம் இல்லை. திங்கள் இரவு 9 மணிக்கு ஹனேதாவில் ஏறுகிறவர், 7 மணி நேரம் பறந்து, அதே திங்கள் காலை 9 மணிக்கு ஹொனலுலுவில் இறங்குகிறார். அதாவது பயண நேரம் கழித்தல் 12 மணி. (ஒரே திங்களுக்கு இராகுகாலம் இரண்டு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.) ஹொனலுலுவில் திங்கள் பகல் 1 மணிக்குப் புறப்பட்டால் டோக்கியோவில் செவ்வாய் மாலை 5, கடிகாரப்படி 28 மணி.

காலத்தைச் சுருட்டிக்கொண்டு தப்பலாம் என்பார்க்கு, அற்றன்று: 28இல் 12 போக 16, பறந்த நேரமும் 7ம் 9ம் 16. நடுக்கடலில் தாண்டும் சர்வதேசத் தேதிக்கோடு கடன்தான் கொடுக்கிறது, இனாம் அன்று.

ஆதலின் இவ்வழிப் பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அழைத்துப்போக வருகிறவரிடம் மணியை மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஊர்க் கிழமை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.