முப்பது வயசுக் கிழட்டுக் கொடி

(போர்ட் பிளேரில் ஒரு வராந்தா, காகிதத்தில் இப்போது ஸ்ரீ விஜயபுரம். மருமகன், சென்னை நட்சத்திர ஓட்டல் ஊழியர். மாமா, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர்.)

மருமகன்: அப்படியே கவுக்காதீங்க மாமா! முதல்ல மோந்து பாருங்க. பெருஞ்சீரகம், அறுத்த புல்லு...

மாமா: புல்லு வாசனைக்கு மாட்டுக்கொட்டகை போதாதா? எந்த ஊரு சரக்கு?

மருமகன்: சரக்குன்னு சொல்லாதீங்க, ஒயின். ஸ்பெயின்ல ருவேதாங்கிற ஊர்ப்பக்கத்துது. வெர்தேஹோங்கிற வெள்ளைத் திராட்சை. கிழட்டுக் கொடியில காய்ச்சது.

மாமா: என்ன வயசு இருக்கும்?

மருமகன்: ‘கிரான் வினோ தெ ருவேதா’ன்னு லேபிள் போடணும்னா கொடிக்கு 30 தாண்டணும்.

மாமா: முப்பதா! அந்த வயசுல ரப்பரைப் பால் வத்திப்போச்சுன்னு வெட்டி விறகாக்கிருவோம்.

மருமகன்: இங்க காய்ப்பு குறையறதுதான் மாமா பெருமை. கொத்து கம்மி, சாறு திடம்.

மாமா: அடடா, தெரியாமப் போச்சே. “வாளி நெறையலைங்க, ஆனா பால் திடம்”னு மேஸ்திரிகிட்ட சொல்லியிருந்தா சம்பளத்தை ஏத்தியிருப்பான்.

மருமகன்: கிண்டல் வேணாம். 19-ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவுலேர்ந்து பிலாக்சரான்னு ஒரு பூச்சி வந்து, வேரை உறிஞ்சியே ஐரோப்பாத் தோட்டங்களை அழிச்சது. அமெரிக்க வேர்ல ஒட்டுக் கட்டித்தான் தப்பிச்சாங்க. ருவேதாவுலயே செகோவியா பக்கம் மணல் நிலம். மணல்ல அந்தப் பூச்சி பிழைக்காது. அங்க நூறு வயசுக் கொடிங்க இன்னும் சொந்த வேர்லயே நிக்குது.

மாமா: அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா 2004-ல கடல் ஏறி கச்சால்ல எத்தனை தென்னை போச்சு! மிஞ்சின மரத்துக் கள்ளுக்கு ‘சுனாமிக்கு முந்தைய மரம்’னு எவனாவது லேபிள் ஒட்டினானா?

மருமகன்: கள்ளும் இதுவும் ஒண்ணா?

மாமா: நிக்கோபார்க்காரர் காலையில இறக்குவார், மத்தியானம் நுரைச்சு நிக்கும். பீப்பாயும் வேணாம், பாதாள அறையும் வேணாம். அதையே தமிழ்நாட்டுல இறக்கினா போலீசு வரும், 1987-லேர்ந்து தடை. உன் பாட்டிலுக்கு மட்டும் பனிக்கட்டி வாளி, வெள்ளைத் துண்டு.

மருமகன்: சரி, குடிச்சுட்டுச் சொல்லுங்க.

மாமா: (உறிஞ்சி) ம்... புளிப்பு சரியா இருக்கு. கடைசியில லேசாக் கசக்குது, அதுவும் நல்லாத்தான் இருக்கு. வறுத்த சூரை மீனுக்குப் பொருந்தும். என்ன விலை?

மருமகன்: நாலாயிரம்.

மாமா: குடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா? இவ்வளவு பெரிய மடக்கா குடிச்சிருக்க மாட்டேனே.