எத்தனை மரம் சேர்ந்தால் தோப்பு?

கேள்வி: கொல்லையில் மூன்று மா, ஒரு சப்போட்டா, ஒரு கொய்யா நிற்கின்றன. நான் 'தோப்பு' என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். எத்தனை மரம் இருந்தால் தோப்பு?
(வாசகர், சிவகாசி)

பதில்: சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ராஜபாளையத்துக்கு ஒருநாள் பஸ் ஏறுங்கள். அய்யனார் கோயில் போகும் வழியில், மலையடிவாரத்தில், 'சப்பட்டை' ரக மாங்காய் காய்க்கும் தோப்புகளைப் பாருங்கள். பழைய கணக்கில் மரத்துக்கு மரம் 30 அடி. ஏக்கருக்கு 48 மரம். கிளை விரியவும் வெயில் இறங்கவும் அந்த இடைவெளி வேண்டும். உங்கள் கொய்யா மாமரத்தின் அக்குளில் அல்லவா நிற்கும்!

ஆனாலும் எண்ணிக்கை பெரிதில்லை, குத்தகைதான் பெரிது. பூவெடுத்ததும் வியாபாரி வருவார். அண்ணாந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மொத்த மகசூலுக்கும் ஒரு விலை பேசி முன்பணம் கொடுப்பார். பிறகு காற்றடித்துப் பிஞ்சு கொட்டினாலும் நஷ்டம் அவருக்கு. உங்கள் ஊர்ப் பட்டாசு வியாபாரிக்கு தீபாவளி மழை எப்படியோ, இவருக்குக் கோடைக்காற்று அப்படி. காவலுக்குக் குடிசை, இரவில் யானை பயம், அணில் தொல்லை எல்லாம் தனி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சாம்பல் நிற அணிலுக்கென்று 1988இல் சரணாலயமே அமைத்தார்கள். அந்த அணில், தோப்பா கொல்லையா என்று விசாரித்துக்கொண்டு பழம் தின்பதில்லை.

ஆகவே, மாம்பூ பூக்கும் மாதத்தில் யாராவது கதவைத் தட்டிக் குத்தகை கேட்டால் தாராளமாகத் 'தோப்பு' என்று போர்டு மாட்டுங்கள். அதுவரை அது கொல்லைதான். பக்கத்து வீட்டுக்கும் நாலு பழம் கொடுத்தனுப்புங்கள்.